போன் வராத குழு

மார்ச் 6

என் தீசிஸுக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது. நானே யோசித்துத் தேர்ந்தெடுத்ததாக விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறேன். நடந்தது வேறு. ஆபரேஷன் தியேட்டரில் தெய்வசிகாமணி சார் கிளவுஸைக் கழற்றிக்கொண்டே, "சர்க்கரைக் கால் பண்ணிரும்மா ஜெசிந்தா, நம்மகிட்ட கேஸுக்குப் பஞ்சமில்ல" என்றார். அந்தக் கிளவுஸ் கூடையில் விழுவதற்குள் என் அடுத்த ஒரு வருடம் முடிவாகிவிட்டது.

சார்தான் என் கைடு. ஈரோட்டுப் பக்கம் சர்க்கரை நோயில் கால் புண் என்றால் அவரிடம்தான் வருவார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்று மற்ற இடங்களில் சொன்ன காலை அவர் ஒரு விரலோடு முடித்து, நடக்கவைத்து வீட்டுக்கு அனுப்புவார். அனுப்பிய பிறகு என்ன ஆகிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. புண் ஆறிப் போனவர்களில் எத்தனை பேர் ஆறு மாதத்துக்குள் புதுப் புண்ணோடு திரும்பி வருகிறார்கள்? கால்வாசிப் பேராவது வருவார்கள் என்று சார் உத்தரவாதம் கொடுத்திருக்கிறார்.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி எல்லோருக்கும் போன் செய்து ஆறு கேள்விகள் கேட்க வேண்டும். அதற்கு சார் ஒரு விதி வைத்தார். "நீ கேக்கணும், சொல்லக் கூடாது. காலப் பாருங்க, செருப்பு போடுங்கன்னு அட்வைஸ் பண்ண ஆரம்பிச்சீன்னா ரிசல்ட் கெட்டுரும். நாம வேடிக்கை மட்டும்தான் பாக்கறோம், சரியா?"

வேடிக்கை பார்ப்பதற்கு டிகிரி தருகிறார்கள் என்று முன்பே தெரிந்திருந்தால் எம்.பி.பி.எஸ். வரை இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டேன்.

தூத்துக்குடிக்குப் போன் செய்து அம்மாவிடம் சொன்னேன். "ஏட்டி, மெடிக்கல் காலேஜுல படிக்கவங்களுக்கும் இது உண்டா, இல்ல ஒனக்கு மட்டுந்தானா?" என்றாள். தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்பு படிக்கலாம் என்பதை அம்மா இன்னும் நம்பவில்லை. சொந்தக்காரர்களிடம் 'ஈரோட்டுல வேலை பாக்கா' என்றுதான் சொல்லிவைத்திருக்கிறாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 1

முதல் சுற்று போன். முட்டாள்கள் தினத்தில் ஆரம்பித்தது தற்செயல்.

காலை ரவுண்ட்ஸ், பிறகு நான்கு டிஸ்சார்ஜ் சம்மரி. இன்ஷூரன்ஸ்காரர்களிடமிருந்து ஒரு கேள்வி வந்திருந்தது: 'நோயாளிக்கு விரலை எடுக்க வேண்டிய அவசியம் என்ன?' அழுகிவிட்டது என்று மரியாதையாக எழுதி அனுப்பினேன். இவற்றுக்கு நடுவில், மாடிப்படியில் உட்கார்ந்து போன்.

பெரும்பாலோர் இரண்டு நிமிடத்தில் விட்டார்கள். சென்னியப்பன் விடவில்லை. சித்தோடு பக்கம் விசைத்தறி வைத்திருப்பவர். போன வருடம் சார் அவருடைய இடது கால் கட்டைவிரலை எடுத்தார்.

"உள்ளங்காலை இன்னிக்கு பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"உள்ளங்கால என்னத்துக்குங்க பாக்கறது? அது பாட்டுக்கு அடியில கெடக்குது."

"வீட்டுக்குள்ளயும் செருப்பு போட்டு நடக்கறீங்களா?"

"ஊட்டுக்குள்ள எப்படிங்க கண்ணு செருப்பு போடறது? சாமி படமெல்லாம் இருக்குது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. 'இல்லை', 'இல்லை' என்று குறித்துக்கொண்டேன். சர்க்கரையால் அவர் பாதத்தில் உணர்ச்சி கிடையாது. ஆணி ஏறினாலும் தெரியாது. அதையும் சொல்லவில்லை. விதி என்றால் விதி.

அதன் பிறகு நூல் விலை, கரண்ட் போகும் நேரம், மருமகள் மாவு அரைக்கும் லட்சணம் எல்லாம் சொன்னார். இவை என் கேள்விகளில் இல்லை.

மே 1

தொழிலாளர் தினம். எனக்கு டூட்டி.

சென்னியப்பன் முதல் மணியிலேயே எடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "பாத்துட்டனுங்க கண்ணு" என்றார். "இன்னிக்கு நீங்க கூப்புடுவீங்கன்னு எந்திரிச்சதும் பாவாயியக் கண்ணாடி புடிக்கச் சொல்லிப் பாத்துட்டேன். நீங்க கேட்டா பாக்கலீன்னு சொல்றதுக்கு வெக்கமா இருக்குதுல்லீங்." பாவாயி அவருடைய மனைவி. பின்னால் அந்த அம்மா, "தெனமுந்தான் புடிக்கறேன், தெனமும்னு சொல்லுங்க" என்று குரல் கொடுத்தார்.

வீட்டுக்குள் நடக்கத் தனியாக ஒரு மெத்துச் செருப்பு வாங்கிவிட்டாராம். சாமி படத்தை அட்டாலிப் பரண் ஓரமாக நகர்த்திவைத்தாயிற்றாம்.

'ஆம்', 'ஆம்' என்று குறித்துக்கொண்டேன். மனிதர் போனில் இருபது நிமிடம் சாப்பிட்டுவிட்டார். இவரை ஏன் ஆராய்ச்சியில் சேர்த்தேன் என்று தெரியவில்லை.

ஜூன் 4

கோபியில் ஒரு டீச்சரம்மா தன் ஆறு பதில்களையும் முன்கூட்டியே எழுதிவைத்து வாசிக்கிறார். பவானி ஆட்டோக்காரர் ஒருவர் காலைப் போட்டோ எடுத்து அனுப்புகிறார். நான் கேட்கவே இல்லை. என் வாட்ஸப்பைத் திறந்தால் வரிசையாக உள்ளங்கால்கள். எல்லாம் மாசுமருவற்ற உள்ளங்கால்கள்.

தியேட்டரில் சார் கேட்டார். "எத்தன பேரும்மா திரும்பி வந்தாங்க?"

"ஒருத்தர் சார்."

"ஒருத்தரா? அவரு ஏன் வந்தாரு?"

"அவரோட போன் நம்பர் மாறிப்போச்சு சார். என்னால புடிக்க முடியல."

சார் தையல் போடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி தைத்தார்.

ஜூன் 14

ஞாயிறு. சர்ச்சுக்குப் போனேன். யாருக்காவது புண் வரட்டும் என்று ஜெபிக்க ஒரு டாக்டர் முழங்காலில் நிற்பது இந்த ஊரில் இதுவே முதல் முறையாக இருக்கும். பெரிய புண்ணாகக் கேட்கவில்லை. சின்னதாக, மருந்து போட்டால் ஆறுகிற மாதிரிதான் கேட்டேன்.

ஜூலை 9

புள்ளியியல் பார்த்துத் தருகிறவரிடம் கணக்கை அனுப்பியிருந்தேன். காசு வாங்கிக்கொண்டு பல பேரின் தீசிஸுக்கு உயிர் கொடுப்பவர். "இதுல ஒண்ணும் பண்ண முடியாது மேடம், ஒருத்தரத் தவிர யாருக்குமே ஒண்ணும் ஆகலையே" என்று வருத்தப்பட்டார். நானும் வருத்தப்பட்டேன். சார் ரொம்ப வருத்தப்பட்டார். எங்கள் மூன்று பேரையும் தவிர ஈரோடு மாவட்டமே சந்தோஷமாக நடந்துகொண்டிருக்கிறது.

சாயங்காலம் சார் அறைக்குக் கூப்பிட்டார். அவர் முட்டாள் இல்லை. அதுதான் பிரச்சினை.

"உன் போனுதாம்மா மருந்து. நீ கேக்கறேன்னு அவங்க காலப் பாத்துக்கறாங்க. இத நிரூபிச்சா நல்ல தீசிஸ். பாதிப் பேருக்குப் போன் பண்ணு, பாதிப் பேருக்கு நிறுத்திரு. நவம்பர் கடைசில ரெண்டு குரூப்பையும் வெச்சுப் பாப்போம்."

"நிறுத்தினவங்களுக்குப் புண் வந்தா சார்?"

"வந்தாத்தானே வித்தியாசம் தெரியும்." சொன்னவர் குரலைத் தாழ்த்தினார். "நீ போன் பண்றதுக்கு முன்னாடி அவங்க எப்படி இருந்தாங்களோ அப்படித்தானே இருக்கப் போறாங்க? நாம ஒண்ணும் கெடுதல் பண்ணலியே."

சரியான வாதம். தீசிஸ் இல்லாமல் பரீட்சை எழுத முடியாது. பரீட்சை எழுதாவிட்டால் நான் வெறும் டூட்டி டாக்டர். சரி சார் என்றேன்.

ஜூலை 23

எத்திக்ஸ் கமிட்டி கூடி, மாற்றத்தை அனுமதித்தது. வெளியாள் ஒருவர் மட்டும், போனை நிறுத்துவதை நோயாளிகளிடம் தெரிவிக்க வேண்டாமா என்று கேட்டார். தெரிவிக்கலாம், காரணம் சொன்னால் ரிசல்ட் கெட்டுவிடும் என்று சார் சொன்னார். அதனால் எனக்கு ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பிரியாணி நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 1

சீட்டுக் குலுக்கினோம். சென்னியப்பன் போன் வராத குழுவில் விழுந்தார். நிம்மதி. இனி நூல் விலை கேட்க வேண்டாம்.

கமிட்டி வாக்கியத்தை அவரிடம் வாசித்தேன். "உங்களுக்கு மாதாமாதம் செய்துவந்த போன் இத்துடன் நிறுத்தப்படுகிறது, ஏதாவது தொந்தரவு இருந்தால் ஓபிக்கு வரவும்."

"நெசமாத்தானுங்களா கண்ணு?"

"ஆமாங்க."

"ரொம்ப சந்தோசமுங்க. பாவாயி, இங்க வா, டாக்டரம்மா போன நிறுத்தறாங்களாமா." அந்த அம்மா ஓடி வந்து போனை வாங்கி, "நீங்க நல்லா இருக்கோணும் சாமி" என்றார்.

என்னிடமிருந்து தப்பித்ததில் ஒரு குடும்பத்துக்கே இவ்வளவு ஆனந்தமா? நான்கு மாதமாகக் கதை கேட்டதற்கு நல்ல மரியாதை. எனக்கு ஒன்றும் இல்லை. சும்மா எழுதிவைக்கிறேன்.

செப்டம்பர் 1

பாதிப் பேருக்குத்தான் போன் என்பதால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது. பழக்கதோஷத்தில் கை சென்னியப்பன் எண்ணுக்குப் போனது. எடுத்துவிட்டேன். கையைச் சொல்கிறேன்.

ஒரு மாதத்தில் அவரிடமிருந்து ஒரு மிஸ்டு கால்கூட இல்லை.

அக்டோபர் 13

தீசிஸுக்கு உயிர் வந்துவிட்டது. போன் வராத குழுவில் அடுத்தடுத்துப் புண்ணோடு வருகிறார்கள். எல்லாம் சின்னப் புண்தான், டிரெஸ்ஸிங்கில் ஆறிவிடும். ஜெபத்தில் கேட்டபடியே கிடைத்திருக்கிறது. போன் போகும் குழுவில் யாருக்கும் ஒன்றும் இல்லை.

புள்ளியியல்காரர் குரலில் உற்சாகம். இரண்டு குழுவுக்கும் உள்ள வித்தியாசம் தற்செயல் இல்லை என்று சொல்ல ஒரு எண் உண்டு, பி வேல்யூ என்பார்கள். தீசிஸ் எழுதுகிறவர்களுக்கு அதுதான் குலதெய்வம். "எல்லைக்கோட்டுல நிக்குது மேடம். இன்னும் ஒரே ஒரு கேஸ் வந்தாப் போதும்."

சார் என் தோளைத் தட்டினார். மூன்று வருடத்தில் முதல் தடவை.

நவம்பர் 9

அந்த ஒரு கேஸ் வந்துவிட்டது.

எமர்ஜென்சியில் நான்தான் கட்டைப் பிரித்தேன். இடது பாதத்தின் முன்பக்கம் முழுக்கக் கறுத்திருந்தது. முகத்தைப் பார்க்காமலே யார் என்று தெரிந்துவிட்டது. அந்தக் கட்டைவிரல் இல்லாத பாதத்தை எனக்குப் போட்டோ இல்லாமலே தெரியும்.

காய்ச்சலிலும் சென்னியப்பன் சிரித்தார். "கண்ணு, நேர்ல பாத்து எத்தன நாளாச்சு."

"எப்படி ஆச்சு?" என்று கேட்டேன்.

"சென்னிமலைக்குப் போனமுங்க. கால் கொணமானா வெறுங்காலோட படியேறி வர்றேன்னு விரலெடுத்த அன்னிக்கே முருகனுக்கு வேண்டுதல். நீங்க போன நிறுத்தறேன்னு சொன்னதும்தான் கொணமாயிருச்சுன்னு தெரிஞ்சுது. அத்தன மாசம் விடாம கேட்டவங்க, ஒண்ணும் இல்லாமயா நிறுத்துவாங்க? ஊரெல்லாம் சொன்னேன். தறி வேல கொஞ்சம் ஓயட்டும்னு இருந்து, போன மாசம் கெளம்பிட்டோம். உச்சி வெயிலுங்க, படியெல்லாம் கொதிச்சிருக்கும்போல. எனக்கென்ன தெரியுது?"

பாவாயியம்மா பையிலிருந்து ஒரு விபூதிப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். "உங்க பேருக்கும் அர்ச்சனை பண்ணுனமுங்க. ஐயர் ராசி நட்சத்திரம் கேட்டாரு, எங்களுக்குத் தெரியல. சாமி பேருக்கே பண்ணச் சொல்லிட்டோம்."

கண்ணாடி என்ன ஆனது என்று கேட்டேன். அதைச் சுவரில் மாட்டிவிட்டார்களாம். கால்தான் குணமாகிவிட்டதே.

போன் வருவதற்கு முன்பு எப்படி இருந்தார்களோ அப்படியே இருப்பார்கள் என்று சார் சொன்னார். இல்லை. முன்பு அவருக்குக் கொஞ்சமாவது பயம் இருந்தது. அந்தப் பயத்தை நான் ஒரு வாக்கியம் வாசித்து எடுத்துவிட்டேன்.

நவம்பர் 10

பாதத்தின் முன்பாதியை சார் எடுத்தார். நான் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குதிகால் மிஞ்சியது. சாரைத் தவிர வேறு யாராக இருந்தாலும் முழங்கால் வரை போயிருக்கும்.

வெளியே வந்ததும் புள்ளியியல்காரரின் குறுஞ்செய்தி. 'வாழ்த்துகள் மேடம், வந்துவிட்டது.' பக்கத்தில் பூங்கொத்து படம்.

டாய்லெட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மூன்று வருடத்தில் அதுவும் முதல் தடவை.

நவம்பர் 11

ரவுண்ட்ஸுக்குப் போகவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து போன் வராத குழு முழுவதற்கும் போன் செய்தேன். ஆட்டோக்காரர் செருப்பை மச்சினனுக்குக் கொடுத்துவிட்டாராம். டீச்சரம்மா, "ஏம்மா, எனக்கு மறுபடி வந்துருச்சா?" என்று பயந்துபோய்க் கேட்டார். பாதிப் பேருக்கு மேல், போன் நின்றால் குணம் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். இல்லை, காலைப் பாருங்கள், இப்போதே பாருங்கள் என்று சொன்னேன். டீச்சரம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து, சுண்டு விரலுக்குப் பக்கத்தில் ஈரமாக இருக்கிறது என்றார். உடனே கிளம்பி வரச் சொன்னேன்.

எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சென்னியப்பனிடம் மட்டும் சொல்லவில்லை. வார்டில் நேரமே கிடைக்கவில்லை. அவர் படுக்கை நான் உட்கார்ந்திருந்த படியிலிருந்து பத்தடி.

மதியம் சார் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மாசக் கடைசி வரைக்கும் பொறுத்திருக்கலாமேம்மா" என்றார்.

"டீச்சரம்மா கால் பொறுத்திருக்காது சார்."

"சரி. அந்தம்மா காலு தப்பிச்சுது. நேத்து வரைக்கும் உள்ள கணக்க வெச்சே முடிச்சிரு. சென்னியப்பனையும் சேத்துக் கணக்கு சரியா வந்துருச்சு."

நவம்பர் 29

தீசிஸை எழுதி முடித்தேன். கணக்கெல்லாம் சார் சொன்னபடியே இருக்கிறது. ஒரு பாரா மட்டும் கூடுதல். 'இந்த ஆராய்ச்சி, போன் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை அளக்கவில்லை. போன் நிறுத்தப்படுகிறது என்று காரணம் சொல்லாமல் அறிவித்தால் என்ன ஆகும் என்பதையே அளந்தது. நோயாளிகள் அதைக் குணமானதாக எடுத்துக்கொண்டார்கள். ஆகவே இதில் கிடைத்த பி வேல்யூவை நம்ப வேண்டாம்.'

சார் கண்ணாடியைக் கழற்றினார். "இது தீசிஸா, சர்ச்சுல பண்ற பாவசங்கீர்த்தனமா?"

"டிஸ்கஷன் பகுதி சார்."

"எக்ஸாமினர் இதப் படிச்சா, அப்புறம் எதுக்கும்மா பண்ணுனீன்னு கேப்பார். எனக்கும் கமிட்டிக்கும் கேள்வி வரும். எடுத்துட்டு வா, கையெழுத்துப் போடறேன்."

தீசிஸை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பாராவை எடுக்கவில்லை.

டிசம்பர் 15

சமர்ப்பிக்கக் கடைசி நாள். ஒரு குடலிறக்கம், இரண்டு டிரெஸ்ஸிங், ஒரு இன்ஷூரன்ஸ் கேள்வி. கையெழுத்து இல்லை. நாள் முடிந்தது.

டிசம்பர் 16

சார் கோபமெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. "அடுத்த செஷனுக்குப் பித்தப்பைக் கல்லு பண்ணிரும்மா. கல்லுக்குப் போன் பண்ண வேண்டியதில்ல" என்றார். ஓபியில் அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நோயாளி சிரித்தார். நானும் சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. "ஏட்டி, ஒரு பாராவுக்காடி ஆறு மாசம்? அந்தக் கால் போன மனுசன் கேட்டாரா ஒங்கிட்ட, எழுதுன்னு?"

கேட்கவில்லை. அவருக்கு எழுத என்ன இருக்கிறது என்றே தெரியாது.

ஜனவரி 1

முதல் தேதி. தீசிஸ் இல்லை, ஆராய்ச்சி இல்லை, யாரும் போன் செய்யச் சொல்லவில்லை. எல்லோருக்கும் போன் செய்தேன். கேட்டேன், சொல்லவும் செய்தேன். சென்னியப்பனைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். புத்தாண்டில் நல்ல காரியங்களை முதலில் முடிக்க வேண்டும் என்று காரணம் சொல்லிக்கொண்டேன்.

"நல்லா ஆறிட்டு வருதுங்க கண்ணு. தடி ஊனி தறிக்கொட்டாய் வரைக்கும் போறேன்" என்றார். "இந்தத் தடவ எப்பங்க போன நிறுத்துவீங்க? பாவாயி தெனமும் கேக்கறா."

"நிறுத்த மாட்டேங்க."

"ஏனுங்க?"

சொன்னேன். புண் ஆறும், சர்க்கரைக் கால் குணமாகாது, உயிரோடு இருக்கும் வரை தினமும் காலைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். ஆகஸ்டிலும் குணமாகவில்லை, என் படிப்புக்காக ஒரு சோதனை செய்தோம், சீட்டில் உங்கள் பெயர் வந்தது, அதனால்தான் நிறுத்தினேன் என்று சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்தப் பக்கம் தறி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் யாரையோ கையமர்த்தி நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும், அதுவும் நின்றது.

"இத அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா," என்றார், "நான் மல ஏறியிருக்க மாட்டனுங்களே கண்ணு."

"ஆமாங்க."

அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. உள்ளங்காலைப் பார்த்தீர்களா என்ற முதல் கேள்வியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.